ரேடியோ பார்க்க வந்தவர்

எங்கள் ரேடியோவை விற்கப்போகிறார்கள் என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. குளத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் அதைப் பார்க்க வருகிறார் என்று சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குமேல் எனக்குக் கால் நடக்கவில்லை, ஓடியது. வீட்டுக்குப் போய் ரேடியோவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊருக்குக் கரண்ட் வராத காலம் அது. ரேடியோ பேட்டரியில் ஓடுவது. திருச்சியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் அதிகாரியிடமிருந்து அப்பா பழையதாக வாங்கியிருந்தார். வேப்பமரத்துக்கும் ஓட்டு முகட்டுக்கும் நடுவே ஏரியல் கம்பி கட்டியிருந்தோம். சிற்றலையில் கொழும்பிலிருந்து பாட்டு வரும். ஆனால் அதற்குக் கோளாறுகள் நிறைய. முள் ஓரிடத்தில் நிற்கும், ஸ்டேஷன் வேறோரிடத்தில் கேட்கும். அதைப் பாடவைக்கும் கை வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை.

அத்தையை அதற்கு முன்பு இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பலகாரத்தைத் தின்றுவிட்டு, பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இனி எவன் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்ததும் சித்தப்பா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, இங்கிட்டு வா. ஓட்டிக் காட்ட ஒன்னைய விட்டா யாரு இருக்கா?”

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. ரேடியோ போவதில் அவளுக்கும் இஷ்டமில்லை என்று கண்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

வாத்தியார் பின் மூடியைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே கருகல் வாடை அடிக்கிறதா என்று மோந்தார். சத்தம் கூட்டுகிற திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். அது கரகரவென்று கத்தியது. இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன்.

“மழை வந்தா இது பாடாதுங்க.”

சித்தப்பா என்னை முறைத்தார். ஆனால் பதில் அத்தையிடமிருந்து வந்தது.

“மழை வந்தா எந்த ரேடியோதான் ஒழுங்காப் பாடும்? இடி இடிச்சா கம்பியக் கழட்டி வைக்கணும். அது ரேடியோ மேல குத்தமா?”

“அப்படிங்களா?” என்று வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

“முள்ளு பொய் சொல்லும்,” என்றேன் நான்.

“முள்ள யாரு பாக்கச் சொன்னா? காதாலதானே பிடிக்கணும்!”

வாத்தியார் காதால் பிடிக்க முயன்றார். விசில் அடித்தது. புரியாத பாஷையில் யாரோ சண்டை போட்டார்கள். பிறகு வெறும் இரைச்சல்.

“இம்புட்டு வேகமாத் திருப்புனா எப்படிங்க கிடைக்கும்?” அத்தைக்குப் பொறுக்கவில்லை. “மெதுவா. இன்னும் மெதுவா. கொஞ்சம் அங்கிட்டு... போயிருச்சு, திரும்ப வாங்க. ஆங், அங்கனயே நில்லுங்க!”

இரைச்சலைப் பிளந்துகொண்டு நாதஸ்வரம் பொங்கியது. வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குத் துரோகமாகப் பட்டது. ஆகவே கோளாறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விட்டேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். சாயங்காலமானால் சத்தம் போய்ப் போய் வரும். ஒருமுறை உள்ளே பல்லி செத்துக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் வாத்தியார் “அப்படிங்களா?” என்று அத்தையைக் கேட்டார். அத்தை ஒவ்வொன்றையும் மறுத்துப் பேசினாள். காப்பி ஆறிக் கிடந்தது. யாராவது என்னை அதட்டுவார்கள் என்று பார்த்தால், அப்பாவே முன்னால் சாய்ந்து, “வேற என்னத்தா கோளாறு?” என்று கேட்டார். அம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் வாத்தியார் மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

“இம்புட்டு நல்லா ஓட்டுறவங்கள விட்டுட்டு, ரேடியோவ மட்டும் எப்படிங்க கொண்டு போறது? அது இங்கயே இருக்கட்டுங்க.”

அத்தை அப்பாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். சித்தப்பா வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விற்காமல் போனதற்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. வாத்தியார் சைக்கிளில் ஏறியதுதான் தாமதம், நான் அடுப்படிக்குப் பாய்ந்தேன்.

“அத்தே! பிடிக்கலையாம்! போயிட்டாரு!”

அவள் முகம் அப்படியே செத்துப்போனது. கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

பின்னாலேயே வந்த அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “ரேடியோவத்தான் வேணாம்னாரு.” பிறகு அத்தையின் மோவாயைத் தொட்டு, “வர்ற வாரம் அவுக அம்மாவக் கூட்டிட்டு வாராராம். ஒனக்குச் சம்மதமா, சொல்லு,” என்றாள்.

அத்தை என்னை இழுத்து அணைத்து, என் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. திமிறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எங்க ரேடியோ போகலை, நான்தான் போகவிடலை என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கத்திச் சொன்னேன். அந்த வீட்டைவிட்டுப் போகப்போகிறவள் அத்தைதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.