கந்தசாமியின் கார் ஆடத்தான் செய்யும்

கந்தசாமி போன துக்கம் ஆறுவதற்குள் அவர் காரிலிருந்த கேம்ஷாஃப்டைக் கழற்றிவிட்டார்கள். இது அநியாயம். அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்.

அவர் இறந்த செய்தியைச் சொல்ல அவர் மனைவி சரஸ்வதி போன் செய்தபோது நான் சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருந்தேன். தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. வெளியே வந்து, அந்தம்மாவை மறுபடியும் சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கந்தசாமி திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டபின் பழைய சின்னக் கார் ஒன்றில் பெரிய காரின் எஞ்சினை இறக்கினார். எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம்தான், முடிவு செய்யும். இருப்பதிலேயே பெரியதாகப் போடச் சொல்லி நான் மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டேன்.

"அது வேகத்துலதானுங்க இழுக்கும். பல்லடம் ரோட்டுல கம்பெனி வேனுக்குப் பின்னால நிக்கறதுக்கு அது எதுக்குங்க?" என்றார். பெரிய கேமுக்கு வால்வு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும், கைக்கு எட்டாது. இருந்த கேமையே கோவைப் பட்டறை ஒன்றில் கொடுத்து, நடுத்தர அளவுக்குத் தேய்த்து வாங்கினார்.

நிட்டிங் மெஷினில் ஊசிகளை ஏற்றி இறக்கும் கேமை மாற்றினால், ஊசி முட்டுகிறதா என்று முதலில் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எஞ்சினையும் அப்படியே சுற்றினார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நான் பறந்தேன்.

"ஊசி ஒடைஞ்சா வேற போட்டுக்கலாம். வால்வு பிஸ்டன்ல முட்டுனா எஞ்சினே போச்சு. சித்த இருங்க."

ஓடியது. தேய்த்த கேமால், கார் நிற்கும்போது லேசாக ஆடியது. "நின்னா இருப்புக் கொள்ளாது இதுக்கு. உங்களை மாதிரியேதானுங்க" என்று சிரித்தார்.

இப்போது காரை விற்கப்போகிறார்கள். "நிக்கறப்ப ஆடுதுங்க மாமா, வாங்கறவங்க சீக்குன்னு நெனைப்பாங்க" என்றார் அவர் மருமகன் கார்த்தி. வேறொரு பழைய எஞ்சினின் சாதாரண கேமை மாட்டியாகிவிட்டது.

அவர் கேம் சின்னது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. இடையில் ஸ்பேனரோடு வர யாருக்கும் உரிமையில்லை.

கார்த்தி அந்தக் கேமைப் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வர வேண்டும். கழற்றிய மெக்கானிக்கே அதைத் திரும்ப மாட்ட வேண்டும். ஆடுவது சீக்கல்ல என்று வாங்க வருகிறவரிடம் கார்த்திதான் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பும் முன் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அதை நான் செய்வேன், மெதுவாக. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.