சாரலுக்கு வராத கார்

பெட்ரோல் வாசம்... அதுவும் இட்லிக் கொப்பரைக்குள் இருந்து வந்த பெட்ரோல் வாசம். இன்றைக்கும் ஆவி பறக்க இட்லி எடுக்கும்போது அது என் மூக்கில் ஏறும்.

ஒருநாள் காலையில் கொப்பரையைத் திறக்கிறேன், உள்ளே கார்பரேட்டரைப் பிரித்துப் போட்டு ஊறவைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். கேட்டால், "அகலமான பாத்திரம் வேற இல்லட்டி" என்கிறார். அன்றைக்குப் பிள்ளைகள் பழைய சோறு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயின.

நான் மறக்கவில்லை.

நேற்று இந்தப் பழைய கார் குரூப்பில் அவர் தன் காரைப் படம் போட்டிருந்தார். ஜெர்மன்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார், சந்தன கலர், ரெண்டு கதவு. "தேர் மாதிரி வச்சிருக்கீங்க அண்ணாச்சி" என்று ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தேரோடு குடும்பம் நடத்தியவள் நான்தான்.

செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட் டாக்டர் வைத்திருந்த வண்டி. அவர் ஊரைவிட்டுப் போகும்போது இவர் வாங்கி வந்தார். மூன்று பிள்ளை பெற்ற மனுஷன், ரெண்டு சீட்டு கார்! தென்காசியில் எங்கள் தெருவே கூடி நின்றது. முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. "இஞ்சினைக் கழட்டிட்டு ஏமாத்திட்டாம்வே!" என்று பதறினார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. இவர் சிரித்துக்கொண்டே பின்பக்கத்தைத் திறந்து அங்கே இருந்த இஞ்சினைக் காட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "ஏட்டி, வாற சாரலுக்கு உன்னைய இதுல வச்சுத்தான் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்."

நம்பினேன்...

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது, குற்றால அருவியில் தண்ணீர் கொட்டியது. கார் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் இருந்தது. "ஈரம் பட்டா அடித்தகடு துரு புடிச்சிரும்ட்டி. இதுக்குத் தகடு இங்கன கிடைக்காது." நானும் பிள்ளைகளும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்தோம். அடுத்த ஆனியும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

பதிலுக்குப் பங்குனியில் கூட்டிப் போவார். வெயில் மண்டையைப் பிளக்கும். அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறை இருக்கும். அதைப் பார்த்தபடி மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவோம். தண்ணீர் விழும்போது கார் வராது, கார் வரும்போது தண்ணீர் விழாது...

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடைக்கு வராதவர், ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கோயம்புத்தூர் வரை போவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் ரெண்டு கால்தான் பதில் சொல்லும்.

சரி, வேகமாவது போகுமா? பார்க்கத்தான் பாயப்போகிற மாதிரி இருக்கும். ஏற்றத்தில் டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். கண்டக்டர் படியில் நின்று, "அண்ணாச்சி, இறங்கித் தள்ளவா?" என்பான். இவருக்கு ரோஷமே வராது. "வேகம் என்னட்டி வேகம்... வளைவுல பாரு" என்பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமே. செங்கோட்டை மலைப்பாதையில் அது தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது எனக்கும் குஷியாகத்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காரைத் துடைக்க மெத்தென்று ஒரு மஞ்சள் துணி, துபாயிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்தது. வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை, மழையில் நனைந்து வந்த என் சின்ன மகளின் தலையை அதால் துவட்டிவிட்டேன். "தலை எண்ணெய் பட்டா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?" என்று அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே... அந்த மகளின் பிள்ளைகளே இப்போது காலேஜ் போகிறார்கள்.

அதையும் நான் மறக்கவில்லை.

இந்த வருஷ ஆனிக்கு வருகிறேன். முட்டு வலியால் பஸ் படி ஏற முடியவில்லை. அடுத்த சாரலுக்கு இந்தக் கால் இவ்வளவாவது நடக்குமா என்று எனக்கே தெரியாது. ஒருநாள் காலையில் ஷெட்டுக்குப் போய், தார்ப்பாயைத் தள்ளிவிட்டு, காருக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்குட்டி."

"மாட்டேன்."

இறங்க நினைத்தாலும் முடியாது என்பது வேறு விஷயம். அந்தச் சீட்டு தரையோடு தரை.

"வெளியே தூறுது பாரு..."

"தூறட்டும். உங்க வண்டிக்கு மட்டுந்தான் வயசாகுதா? எனக்கு ஆகலையா?"

தார்ப்பாயை மடித்து வைத்தார். பிறகு சாவி எடுத்து வந்தார்.

மேலகரம் தாண்டுவதற்குள் வைப்பர் நின்றுவிட்டது. கண்ணாடி இடுக்கில் ஒழுகிய தண்ணீர் நேராக என் மடியில். இவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுகிறார். அப்படியே உருட்டி உருட்டிக் குற்றாலம் போய்ச் சேர்ந்தால், தடுப்பு போட்டு ஒரு போலீஸ்காரர் நிற்கிறார்.

"பாட்டி, அருவியில வெள்ளம் வந்துட்டு. குளிக்க விடல. இப்பத்தான் எல்லாரையும் வெளியேத்துனோம்."

சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் காரைப் பார்த்தார். "தாத்தா, இது எந்தூரு வண்டி? எம்புட்டு ஸ்பீடு போவும்?" அவ்வளவுதான். இவர் கொட்டும் மழையில் இறங்கிப்போய் இஞ்சினைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே இருந்து நான் சொன்னேன், "பஸ்ல வந்திருந்தா வெள்ளத்துக்கு முன்னாடி வந்திருப்போம் தம்பி. அம்புட்டு ஸ்பீடு."

தூரத்தில் அருவி... செம்மண் நிறத்தில், மலையே இறங்கி வருவது போல. திறந்த ஜன்னலில் சாரல் முகத்தில் அடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குளிக்கவில்லை. ஆனால் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஷெட்டில் நிறுத்தினார். கார் முழுக்கச் சொட்டியது. அந்த மஞ்சள் துணியைக் கையில் எடுத்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியை என் தலையில் போட்டார்.

"முதல்ல துவட்டு. சளி புடிச்சிரும்."

அந்தக் காலத்தில் எனக்கு நல்ல கால் இருந்தது, அவருக்கு நல்ல கார் இருந்தது, அதை நனைய விட மட்டும் மனசு இல்லை. இப்போது காலும் போச்சு, வைப்பரும் போச்சு... மனசு வந்திருக்கிறது.

அதற்காக என் மகள் தலையைத் துவட்டியதற்கு அவர் ஆடிய ஆட்டத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். துணியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அவர் பழைய வேட்டியைக் கிழித்துக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குரூப்பில்தான் அவரும் இருக்கிறார். வாசிக்கட்டும்.