ஓடிய சோதனைகள் பூஜ்யம்

அந்த அச்சகத்து பாயை எனக்கு ஆரம்பத்தில் இருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்தோம், ஒத்துப்போகவில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்கிற இயங்குதளம் காசில்லாமல் கிடைப்பது. எங்களைப் போல ஊர் ஊருக்கு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து அதைக் கட்டுகிறோம். எங்கோ யாரோ எழுதிய மென்பொருளை எடுத்து, யாருடைய கணினியிலும் சிக்கலில்லாமல் ஏறும்படி பேக்கேஜாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் பங்கு. நான் கே.கே. நகரில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் முப்பது பேக்கேஜ்களைக் கவனித்தேன். பாய் ஒன்றே ஒன்றைக் கவனித்தார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் அது. ஊருக்குள் பள்ளிவாசல் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருந்தார். தன் கடைக்கே அது தேவை என்பதால் அந்தப் பேக்கேஜை அவரே எடுத்துக்கொண்டார்.

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், பேக்கேஜ் கட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைகளையும் நிரலாகவே எழுதி வைத்திருப்பார்கள். ஓடவிட்டால், தேறியதா தோற்றதா என்று அதுவே சொல்லும். ஆனால் ஓடவிடுகிற முறை ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ஒருவருடைய சோதனை இணையம் இருந்தால்தான் ஓடும். இன்னொருவர், சோதனை தோற்றாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பார். மூன்றாமவர் எப்படிச் சோதிக்கிறார் என்பது அவருக்கே மறந்திருக்கும். இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாருக்கும் ஒரே முறை என்று நான்தான் கிளம்பினேன். சோதனைகள் இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும், இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், ஒரே கட்டளையில் எங்கள் சர்வரே ஓட்டும். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. பச்சை விழாமல் எதுவும் வெளியே போகாது. ஆறு மாதம் மல்லுக்கட்டி எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்தேன். பாய் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அவருடைய சோதனை எனக்குச் சிரிப்பாக இருந்தது. தன் கடையில் அடித்த பழைய பத்திரிகைகளின் கோப்புகளை எடுப்பார். தானே எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டால், அதாவது குட்டி நிரலால், அவற்றை மாற்றுவார். உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் அது எண்ணிச் சொல்லும். பிறகு ஒன்றைத் தாளில் அடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எல்லாரும் படிக்கும் எங்கள் மின்னஞ்சல் குழுவில் நான் நக்கலாக எழுதினேன், கண்ணால் பார்ப்பதற்குப் பெயர் சோதனை இல்லை என்று. அந்தக் கோப்புகளில் இருப்பவை வாடிக்கையாளர்களின் குடும்ப விவரங்கள், பொது சர்வரில் போட முடியாது, அதனால்தான் தன் கணினியில் ஓட்டுகிறேன் என்று அவர் பதில் போட்டார். நியாயமான பதில்தான். அது நியாயம் என்பதே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நேரில் பேசலாம் என்று ஒருநாள் கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, எம்புட்டு வரி உள்ள போச்சோ அம்புட்டு வரி வெளிய வரணும். அதத்தான் எண்ணிப் பாக்குறேன். இதுல உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்றார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து, குழு எனக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை வைத்து, அவருடைய பேக்கேஜை நானே திறந்தேன். ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடும் வரியை எடுத்துவிட்டு என்னுடைய கட்டளையைப் போட்டேன். ஓடவிட்டேன். பச்சை. அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியும் வைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னை சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். தம்பி என்று கூப்பிட்ட மனிதர் சாருக்கு மாறினால் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். எனக்கு அது வெற்றியாகத்தான் தெரிந்தது.

அடுத்த சில மாதங்களில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. சர்வர் தானாகவே எடுத்தது, சோதித்தது, பச்சை காட்டியது, வெளியே அனுப்பியது. மனிதக் கை படவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா மகள் கல்யாணம். அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது கோச்சடை தாண்டி மேற்கே, விவசாயக் குடும்பத்தில். அக்கா வீட்டுக்காரருக்கும் எனக்கும் இரண்டு வருடமாக முகங்கொடுத்துப் பேச்சில்லை. அக்காவின் சின்ன மகன் காதுகுத்துக்கு நான் நேரம் தப்பிப் போனதை அவர் சபையில் சொல்லிக் காட்டிவிட்டார் என்பது என் பக்கத்துக் கணக்கு. இருந்தாலும் அவரே தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தார். காபி குடித்தார், போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் கடைசி வரி தாய்மாமனுடையது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி, ஆகவே அந்த வரியே நான்தான். பத்திரிகையில் அந்த வரி இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பங்காளிகள், சம்பந்திகள், மண்டபத்துக்குப் போகும் பஸ் நம்பர் வரை இருந்தது. நான் இல்லை. போனைப் போட்டு அக்கா வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி பேசினேன். சபையில் அவமானப்படுத்தியது போதாதென்று இப்போது அச்சிலும் செய்துவிட்டீர்கள், நான் வரமாட்டேன், சீரும் வராது என்றேன். அடிப்பதற்கு முன்னால் போனில் வந்த புரூஃபில் உன் பெயர் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அவர் சத்தியம் செய்தார். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"ஓம் பேரு இல்லாம நான் பத்திரிக அடிப்பேனாடா? நீ வரலேன்னா எம்பிள்ளைக்கு யாருடா மாலை எடுத்துக் குடுப்பா?"

போனை வைத்துவிட்டேன். வைப்பதற்குள் அவள் அழுதது கேட்டது. கேட்டும் என் மனம் இறங்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பத்திரிகையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. பாயின் கடை. அடுத்த சந்தேகம் அவர்மேல் போனது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன். தாள் வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். பத்திரிகையை அவர் முன்னால் போட்டு, பழி வாங்குகிறீர்களா என்று கேட்டேன். அது என் வீட்டுக் கல்யாணம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கணினியில் கோப்பைத் திறந்தார். பழைய எழுத்துருவில் அடித்த மூலத்தில் கடைசி வரியாக என் பெயர் இருந்தது. புரூஃப் அதிலிருந்துதான் போயிருந்தது. அச்சுக்கு அனுப்புவதற்காக யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் இல்லை. என் முன்னாலேயே மறுபடி மாற்றி வரிகளை எண்ணினார். உள்ளே முப்பத்தொன்று, வெளியே முப்பது. அவர் முகம் சுண்டிவிட்டது.

அடுத்து எங்கள் சர்வரின் பக்கத்தைத் திறந்தார். அந்தப் பேக்கேஜுக்கு நேரே என்னுடைய பச்சை. அதை அழுத்தி உள்ளே போனார். இத்தனை மாதத்தில் நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. பச்சை என்றால் ஏன் போக வேண்டும்? உள்ளே மூன்று வரிகள் இருந்தன. ஓடிய சோதனைகள் பூஜ்யம். தோற்றவை பூஜ்யம். முடிவு, வெற்றி.

அவருடைய ஸ்கிரிப்ட் நான் விதித்த வடிவத்தில் இல்லை. அதை நானே தூக்கியும் விட்டேன். அதனால் என் கட்டளைக்கு அங்கே ஓட்டுவதற்கு எதுவுமே கிடைக்கவில்லை. எதுவும் ஓடாததால் எதுவும் தோற்கவில்லை. முதல் நாள் நான் படம் பிடித்து அனுப்பிய பச்சையும் இதே பச்சைதான். பாயின் கணினியிலும் ஏறியிருந்த புதிய பதிப்பில், கடைசி வரிக்குப் பின்னால் என்டர் தட்டாமல் விட்டிருந்தால் அந்த வரியை விழுங்கிவிடும் கோளாறு இருந்தது. பாய் கடையில் யாரும் கடைசியில் என்டர் தட்டமாட்டார்கள். பழைய மென்பொருளில் அப்படித் தட்டினால் வெற்றுப் பக்கம் ஒன்று கூடுதலாக வரும் என்று ஏற்பட்ட பழக்கம். வரியை எண்ணியிருந்தால் ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். அடித்து முடித்த பத்திரிகையை ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று கேட்டேன்.

"கண்ணால பாக்குறது சோதனை இல்லைன்னு நீங்கதான சார் எழுதுனீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இனிமே அந்தப் பேக்கேஜ நான் பாக்கல. நீங்களே வச்சுக்கங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார். பத்திரிகையை மறுபடி அடிக்க வழியில்லை, ஏழு ஊருக்குக் கொடுத்து முடித்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து என் விதியில் ஒரு வரி சேர்த்தேன், பூஜ்யம் என்றால் தோல்வி என்று. ஓடவிட்டதும் என்னுடைய முப்பதிலேயே பதினொன்று சிவப்பானது. குழுவில் மற்றவர்களுக்கும் சிவப்பு விழுந்து, அன்று சாயங்காலம் எனக்கு வந்த மின்னஞ்சல்களை அம்மா முன்னால் வாசிக்க முடியாது. பாயிடம் அந்த ஸ்கிரிப்ட்டைக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. நானே உட்கார்ந்து வரி எண்ணும் சோதனை ஒன்றை எழுதினேன். சோதிக்கப் போட்ட கோப்பு அக்கா மகள் பத்திரிகைதான், எல்லாப் பெயர்களையும் மாற்றி, கடைசியில் என்டர் தட்டாமல்.

அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கணினியில் நடந்த தவறு என்றேன். "கம்ப்யூட்டர் மேல போடாதப்பா, அந்தப் பேச்சு பேசுனது நீயி" என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் போனேன். மணமேடைக்குப் பக்கத்தில் மாலைத் தட்டை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்காரர் நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பத்திரிகையில் தாய்மாமன் பெயரே இல்லையே, யார் எடுத்தது என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். சம்பந்தி வீட்டு ஆட்கள் மொத்தமாக அக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தது. அக்கா, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

பெரியவருக்கு அது புரியவில்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மாலையை என் கையில் கொடுத்தார்.