இடது பொத்தான்

கூடைப்பந்து அரங்கத்தில் அவளுக்குப் பெயர் 'பட்டனக்கா'. லீக் தொடங்கிய முதல் நாளிலிருந்து புள்ளிப் பலகையின் பொத்தான்களை அழுத்துபவள் அவள்தான். இடது பொத்தான் சொந்த ஊர் அணிக்கு, வலது பொத்தான் வந்த அணிக்கு. பத்தொன்பது வருடத் தேய்ப்பில் இடது பொத்தானின் எழுத்தே அழிந்துபோயிருந்தது. வீட்டில் அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் டீ டம்ளரை எடுத்து வைக்க ஆளில்லை. அரங்கத்திலோ அவள் ஒரு விரலை அசைத்தால் நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அந்த நாற்காலியை அவள் விடுவாளா?

தொடக்கத்தில் ஆறே அணிகள். பார்க்க வந்தவர்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பிறகு லீக் மழைக்காலப் புல்லாக வளர்ந்தது. ஆறு பத்தாயிற்று, பத்து பதினாலாயிற்று. ஒரு அணி மூன்று வருடத்தில் மூன்று ஊர் மாறியது. இரண்டு அணிகள் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டும் தம் பெயரை விட்டுக்கொடுக்காமல், பலகையில் அடங்காத நீளத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டன. அவள் பாதிப் பெயரைத்தான் போட்டாள். விட்டுப்போன பாதிக்காரர்கள் அந்தப் பருவம் முழுக்க அவளோடு பேசவில்லை.

இதெல்லாம் ஊரார் வீட்டுக் கதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். போன வருடம் இடி அவள் தலையிலேயே விழுந்தது. அவளுடைய சொந்த ஊர் அணியான நீலக் கழுகுகளை யாரோ வாங்கி, நானூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கழுகுகளின் பஸ் புறப்பட்டபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பெத்த பொண்ணைக் கட்டிக் குடுத்த மாதிரில்ல அழுவுற!" என்றார் கணவர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். எதற்கும் சூடாகாத மனிதர்.

"பொண்ணா இருந்தா மறுவீட்டுக்காவது வருவா."

அதே அரங்கத்துக்கு லீக் ஒரு புது அணியைக் கொடுத்தது. சிவப்புச் சட்டை. பெயர், நண்டுகள்.

"நண்டு பக்கவாட்டுலதானே போகும்? எப்படிடி ஜெயிக்கும்?" என்று கணவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நண்டுகள் முதல் ஒன்பது ஆட்டத்தில் எட்டில் தோற்றன.

புது அணியோடு ஒரு புது மேனேஜரும் வந்தார். கோட்டு போட்ட, சிரிக்காத ஆள். வந்த அன்றே, "அந்த மூணாவது வரிசைக் கம்பி ஆடும், யாரும் சாய வேணாம்" என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் அப்போதே நினைத்தாள். ஆனால் கேட்கவில்லை. அந்த மாதமே அவள் இரண்டு தடவை பலகையில் நண்டுகளுக்குப் பதிலாகக் கழுகுகள் என்று போட்டுவிட்டாள்.

"மூணாவது தப்பு நடந்தா, தானாவே பாயிண்ட் போடுற மெஷினை வாங்கிருவோம். அப்புறம் நீங்க வீட்லயே இருக்கலாம்" என்றார் மேனேஜர்.

அந்த வாரமே கழுகுகள் வந்தார்கள், விருந்தாளியாக!

ஏழாம் நம்பர் நெட்டையனைப் பார்த்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பதினேழு வயதில் தொளதொளவென்ற டிராயரோடு வந்தவனுக்கு, இடுப்பில் நிற்க ஊக்கு கொடுத்தவளே அவள்தான். இப்போது அவனுக்கு முன்பக்கம் வழுக்கை.

"என்னடா, அந்த ஊர் தண்ணி ஒத்துக்கலையா? மண்டை பளபளங்குது."

"உங்களை நினைச்சு நினைச்சு கொட்டிருச்சுக்கா."

ஆட்டம் தொடங்கியது. நெட்டையன் தூரத்திலிருந்து எறிந்தான். பந்து வலையை உரசிக்கொண்டு விழுந்தது. நீலச் சட்டை கூடை போட்டால் எங்கே போக வேண்டும் என்று அவள் வலது கை விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது நேராக இடது பொத்தானுக்குப் போய் மூன்று தடவை அழுத்திவிட்டது. நண்டுகளுக்கு மூன்று புள்ளி!

அரங்கம் கைதட்டியது. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நெட்டையன்தான் ஓடியபடியே பலகையைக் காட்டிக் கத்தினான்:

"அக்கா! அது எங்களுது! நாங்க இப்ப அந்தப் பக்கம்!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவள் முகம் வெந்துபோனது. திருத்தினாள். பின்னாலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது.

"ஆட்டம் முடியட்டும். பேசிக்கலாம்."

அதன் பிறகு அவள் வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மீதி ஆட்டம் முழுவதும் இடது கையால்தான். கை மரத்தது, கண் கலங்கியது, ஆனால் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

கடைசி நான்கு வினாடி. நண்டுகள் ஒரு புள்ளி முன்னால். பந்து நெட்டையன் கையில். கூட்டம் மூச்சை அடக்கியது. விழுந்தால் கழுகுகளுக்கு வெற்றி, தவறினால் நண்டுகளுக்கு. அவள் எதற்கென்று வேண்டுவாள்? இரண்டுக்கும் வேண்டினாள்.

விழுந்தது! தொடைக்கடியில் வலது கை துடித்தது. அவள் அதை அமுக்கிக்கொண்டு, இடது கையால் வலது பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். கழுகுகள் ஜெயித்தார்கள். சொந்த அணி தோற்ற அரங்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு ஆரவாரம்.

முடிந்தது கதை என்று அவள் மெல்லத் திரும்பினாள்.

மேனேஜர் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். கோட்டு ஒரு தோளில் தொங்கியது. இரண்டு கையும் மேலே.

"ஏழு! ஏழு! ஏழு!"

அவளைப் பார்த்ததும் குரல் பாதியில் நின்றது. மெதுவாக இறங்கினார், கோட்டை இழுத்துவிட்டார்.

"நான் ஸ்கூல் படிச்சதெல்லாம் இந்த ஊர்லதான். அந்தக் கம்பியில சாஞ்சு ரெண்டு பல்லு போச்சு" என்றார், தரையைப் பார்த்து.

"அதானே பார்த்தேன்."

"வெளிய சொல்லிராதீங்க."

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? ஏதோ பேசணும்னீங்களே..."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆமா. சனிக்கிழமை மேட்ச் ஆறு மணிக்கு. அஞ்சரைக்கே வந்துருங்க. அப்புறம், அந்த வலது கை மேலயே உக்காந்துக்குங்க."