ஆத்தாளோடு போன அணில் புத்தகம்

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் போதும், இப்போது கடைகளில் பிள்ளைகளுக்கென்று புத்தகங்களை அடுக்கிவிடுகிறார்கள். லீவு முடிந்து திரும்பிப் போகும்போது பயமாக இருந்தால் என்ன செய்வது, அழுகை வந்தால் என்ன செய்வது என்று படம் போட்டுச் சொல்லும் புத்தகங்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் எனக்குச் சுர்ரென்று ஏறும். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் வகுப்பே ஓடி வந்து கட்டிக்கொள்கிறது. எந்த ஊரில் நடந்ததாம் இது?

அந்த மாதிரி ஒரு புத்தகம் ஐம்பதுகளின் கடைசியிலேயே என் கைக்கு வந்தது. பட்டவள் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. அப்பா, அம்மா, நான், புருஷன் போனபிறகு எங்களோடு வந்துவிட்ட அத்தை, அவ்வளவுதான் வீடு. அத்தை மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போவாள். நான் நாலாம் வகுப்பு.

நாலுக்கும் ஐந்துக்கும் ஒரே டீச்சர்தான், அவரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் அவர் சொந்தமாக வாங்கிச் சேர்த்த கதைப் புத்தகங்கள் இருக்கும். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததெல்லாம் அந்தப் பெட்டியில்தான். வருஷப் பரீட்சை முடிந்த அன்று அதிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"லீவுல படி. தெறக்கற அன்னிக்கு இப்படியே திரும்பி வரணும். ஓரம் மடிஞ்சிருந்தது, உன் காதை மடிச்சிடுவேன்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். போன வருஷம் ஒரு பையன் அட்டையில் மை கொட்டிவிட்டு, அரைநாள் பெஞ்சின் மேல் நின்றான். என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி எட்டிப் பார்த்து, "உனக்கு அடுத்து நான்தான்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், கிழிச்சுக் கிழிச்சு வச்சுடாதே" என்றாள். அவளே எனக்கு அடுத்தது தனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அப்படித்தான்.

கதை இதுதான். ஒரு அணில் குட்டி மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறது. ரொம்ப நாள் பொந்திலேயே கிடக்கிறது. கால் சேர்ந்த பிறகும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறது. வயிற்றுக்குள் புழு நெளிகிற மாதிரி இருக்கிறது அதற்கு. தாய் அணில் சொல்கிறது: அதுதான் பயம், அதை உள்ளே வைத்துக்கொள்ளாதே, வாய்விட்டுச் சொல்லிவிடு. குட்டி சொல்கிறது. பயம் போய்விடுகிறது. நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனால், கிளைக்குக் கிளை அணில்கள் தாவி வந்து கட்டிக்கொள்கின்றன. பக்கம் நிறையப் படம். அந்தக் கடைசிப் படத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

லீவுக்கு அம்மாவும் நானும் விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு ரயிலேறினோம். போன கொஞ்ச நாளிலேயே எனக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் முத்துப் போட்டது. அம்மை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "வூட்ல ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டியதும் தெருவே ஒதுங்கிப் போனது. வந்தது பெரிய ஆத்தா, பெரியம்மை. பிழைப்பேனா மாட்டேனா என்று மாமா திண்டாடியதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. எனக்கு ஞாபகம் இருப்பது வேப்பிலைப் படுக்கையும், உடம்பெல்லாம் எரிச்சலும், தலைமாட்டில் அந்தப் புத்தகமும்தான்.

கை வீங்கிப் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் போனபோது அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் முனகலாகக் கதை சொல்வேன், அவள் "ம்" கொட்டுவாள். பாவம், அந்தப் புத்தகத்தை மாமா வாங்கிக் கொடுத்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பொருள் என்று அவளிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

ஆத்தா இறங்கினாள். மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிய அன்று, ஆத்தா இருந்தபோது புழங்கிய எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தார்கள். ஆத்தா தொட்டது ஆத்தாளுக்கே. படுத்த பாய், கட்டிய பழந்துணி, விசிறி, காய்ந்த வேப்பிலை, எல்லாம் ஏரிக்குப் போகும். அம்மா பாயைச் சுருட்டும்போது பார்க்கிறேன், உள்ளே அணில் வால் தெரிகிறது. புத்தகத்தையும் சேர்த்துச் சுருட்டுகிறாள்.

ஐயோ என்று வாயைத் திறந்தேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"குடுக்கறப்போ கேக்கக்கூடாது கண்ணு. கேட்டா திரும்பி வந்துடுவா."

கும்பிட்டுக்கொண்டே அழுதாள். மாமா பாய்ச் சுருட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திண்டிவனம் திரும்பியபோது பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. என் மூஞ்சி முழுக்கத் தழும்பு. அம்மா கண்ணாடியை எடுத்துத் துணிகளுக்கடியில் ஒளித்து வைத்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததும் எல்லோரும் அதற்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூஞ்சியாவது மண்ணாவது! மூஞ்சியைப் பற்றி நினைக்க எனக்கு ஏது நேரம்? டீச்சர் கையை நீட்டி, "எங்கடி பொஸ்தகம்?" என்று கேட்பார். ஓரம் மடிந்ததற்கே காது போகும். ஏரியில் போனதற்கு என்ன போகும்?

வயிற்றுக்குள் புழு நெளிந்தது. அப்படியே அந்த அணிலுக்கு நெளிந்த மாதிரி. வாய்விட்டுச் சொல்லிவிடு என்று புத்தகம் சொல்கிறது. சொன்னால் கேட்ட மாதிரி ஆகிவிடும், கேட்டால் ஆத்தா திரும்பி வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் எங்கே போய்ச் சாவது? காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்றேன், தலைசுற்றல் என்றேன். அம்மா வேளைக்கு வேளை சுக்குக் கஷாயம் காய்ச்சி ஊற்றினாள். கண் கலங்கிக்கொண்டே குடித்தேன்.

அத்தை ஒருநாள் பொறுமை இழந்தாள். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? பொட்டப்புள்ள, இவ்ளோ படிச்சது போதும். என்னோட மண்டிக்கு அனுப்பு. வூட்லயே குந்திக்கினு இருந்தா இன்னும் கொழம்பிப் போயிடும்." அத்தைக்கு என் மேல் உயிர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா மறுநாள் காலையில் எனக்கும் சேர்த்து மண்டிக்குச் சோறு கட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

அத்தையோடு போனேன். பெரிய கொட்டகையில் மல்லாட்டை மலைபோலக் குவிந்து கிடந்தது. பெண்கள் வரிசையாகக் குந்தி உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அங்கே யாரும் புத்தகம் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து காந்தியது. ஒரு அக்கா என் மூஞ்சியைப் பார்த்து, "பொழச்சு வந்தியே, அது போதும்" என்று உடைத்த பயறில் ஒரு பிடி கொடுத்தாள். தின்றுகொண்டே உடைத்தேன். நாலு மணிக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. என் சிநேகிதியின் குரல் அதில் தனியாகத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்படியே அந்த வாரம் ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"வழியில உங்க டீச்சரப் பாத்தேன். திங்கக்கிழமை வரலன்னா பேரை அடிச்சுடுவாங்களாம். ஒனக்குப் பள்ளிக்கூடம் வேணுமா, வேணாமா? நீயே சொல்லு. அழற புள்ளய இழுத்துக்கினு போறதெல்லாம் என்னால ஆவாது."

"பேரை அடிச்சிட்டா என்ன ஆவும்ப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் ஆவாது. மண்டியில யாரு பேரு கேக்கறாங்க? கைய மட்டுந்தான் பாப்பாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஊசி மாதிரி இறங்கியது. அத்தையின் கையைப் பார்த்தேன். பெருவிரல் நகம் பாதி தேய்ந்து கறுத்திருந்தது. அந்தக் கொட்டகையில் அத்தனை நாளும் ஒருவர்கூட என் பேரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே கிடந்தால் சாகிறவரைக்கும் கேட்க மாட்டார்கள்.

"போறேன்ப்பா" என்றேன்.

திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூட வாசல்வரை வந்தார். "நான் இங்கயே நிக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் நின்றால் திரும்பி ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வகுப்பு தொடங்கியிருந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் கூச்சல் நின்றது. அத்தனை மூஞ்சியும் என் பக்கம் திரும்பியது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

ஆத்தா வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினேன். "டீச்சர், அந்தப் பொஸ்தகம் ஏரியில போயிடுச்சு டீச்சர். ஆத்தா வந்தப்போ பாயோட சுருட்டிக் குடுத்துட்டாங்க. எனக்குத் தெரியும், ஆனா கேக்கக்கூடாதுன்னாங்க டீச்சர்." சொல்லிவிட்டுக் காதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டீச்சர் கிட்டவே வரவில்லை.

"நல்லதாப் போச்சு. நீ கொண்டாந்திருந்தா நானே கொளுத்தியிருப்பேன். போயி உக்காரு."

அவ்வளவுதான். இத்தனை நாள் வயிற்று வலி, அத்தனை கஷாயம், விரல் தோல் உரிய மல்லாட்டை, எல்லாம் இந்த ஒரு பதிலுக்கா! வந்ததே எனக்குக் கோபம். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அடிக்கவும் ஆள் கிட்ட வரவில்லையே என்பது அப்புறம்தான் புரிந்தது.

என் பெஞ்சுக்குப் போனேன். நான் உட்காரும் முன்பே சிநேகிதி பையை எடுத்துக்கொண்டு எழுந்து பின் பெஞ்சுக்குப் போனாள். என்னைப் பார்க்கவேயில்லை. மற்ற இரண்டு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். டீச்சர் பார்த்தார், கணக்கை எழுதப் போய்விட்டார். முழு பெஞ்சும் எனக்கே எனக்கு. மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், அழுகையைப் பல்லால் கடித்துக்கொண்டு.

நாசமாய்ப் போன அணில்! கிளைக்குக் கிளை தாவி வந்து கட்டிக்கொள்வார்களாம். அந்தப் படத்தை வரைந்தவர் எதிரே வந்திருந்தால் அன்று கடித்து வைத்திருப்பேன். எழுந்து ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. மண்டி கூப்பிடு தூரம்தான். அங்கே அந்த அக்கா பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். ஓடினால் என் பேரும் அதோடு போச்சு. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். கொஞ்ச தூரத்தில் நிழல் தெரிந்தது. சிநேகிதி. கிட்ட வராமல் அங்கேயே நின்றாள்.

"உங்கிட்ட போகக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தப் பொஸ்தகம் நெஜமாவே போயிடுச்சா? அடுத்து எனக்குத்தானே?"

"ஏரியில இருக்குது. போயி எடுத்துக்க."

அவள் போகவில்லை. ஒற்றைக் காலில் நின்றாள், மறு காலில் நின்றாள். "கதையாவது சொல்லேன்" என்றாள்.

எனக்கு இருந்த கோபத்துக்கு அடித்துத் துரத்தியிருக்கலாம். என்னவோ, சொன்னேன். மரத்திலிருந்து விழுந்தது, கால் ஒடிந்தது, பொந்தில் கிடந்தது, வயிற்றில் புழு நெளிந்தது, தாய் அணில் சொன்னது, எல்லாம் வரிக்கு வரி அப்படியே. கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தினேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போச்சா?"

"போச்சு. ஒருத்தரும் கிட்ட வரல."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தர் கூட. அதுக்கு ஒரு சிநேகிதி அணிலு இருந்துச்சு. அதுவும் வாலைத் தூக்கிக்கினு வேற கிளைக்குப் போயிடுச்சு."

அவள் தரையைப் பார்த்தாள். கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினாள். "அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அது பாட்டுக்கு உக்காந்து பாடம் படிச்சிது. வூட்டுக்கு ஓடல."

மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள். நான் சோற்றைப் பாதியில் மூடிக்கொண்டு உள்ளே போய் என் காலி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் வருகிற சத்தம் கேட்டது. அப்போது பெஞ்சின் அந்தக் கோடியில் பொத்தென்று ஒரு பை வந்து விழுந்தது. அவள் உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்கக் குசுகுசுவென்றது. அவள் காது சிவந்துபோயிருந்தது, என் பக்கம் திரும்பவேயில்லை.

"எங்கம்மாகிட்ட சொன்னே, அவ்ளோதான், பாத்துக்க" என்றாள். பிறகு கணக்கு நோட்டைப் பிரித்து, எனக்கும் தெரிகிற மாதிரி நடுவில் தள்ளி வைத்தாள்.