சர்வர் இருந்த அறை

முதலில் பலகைதான் வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்தாக ‘டிஜிட்டல் நூலகம்’ என்று எழுதியிருந்தது. மாட்ட வந்தவர் எந்தக் கதவுக்கு மேலே என்று கேட்டபோது நூலகர் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்படி ஓர் அறை எங்களிடம் இல்லை.

நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்தத் தனியார் கல்லூரி, பல்கலைக்கழகமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நான் அங்கே நூலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பொம்மிடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ். அப்பா மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், “பாப்பாவுக்கு வேல பர்மனன்ட் ஆயிடுச்சாங்க?” என்று யாராவது அம்மாவைக் கேட்பார்கள். “ஆயிடுமுங்க” என்று அம்மாவும் அலுக்காமல் சொல்வாள்.

தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அதற்குள் டிஜிட்டல் நூலகம் ஓட வேண்டும் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். நூலகர் சார் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் கேட்டு வாங்கும் தெம்பை எங்கேயோ விட்டுவிட்டிருந்தார். “நீயே பாத்துக்கம்மா. எனக்கு இதெல்லாம் புரியாது. கையெழுத்து மட்டும் போடறேன்” என்றார்.

படிப்பறைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையைக் காலி செய்தோம். மேற்குச் சுவர் முழுக்க வெயில் அடிக்கும். மேலே பாதி கூரை ஆஸ்பெஸ்டாஸ். சர்வர் வந்தது, ஏ.சி. வந்தது, புத்தகத்தை விரித்து வைத்தால் மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனரும் வந்தது. மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதுதான். அதை நிறுவுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வீடியோக்களைப் பார்த்தும், முகம் தெரியாதவர்களிடம் இணையத்தில் கேட்டும் கற்றுக்கொண்டேன். தேடும் கட்டத்தில் தமிழில் ஒரு சொல்லைத் தட்டி, கீழே ஒரு புத்தகம் வந்து நின்ற மதியம் நான் யாரிடமும் சொல்லாமல் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அவள் வந்தது அந்த நாட்களில்தான்.

கவுன்டருக்கு எதிரே ஒரு கையில் மடக்குக் குச்சியும் இன்னொரு கையில் கணவரின் முழங்கையுமாக நின்றாள். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். இந்த மாவட்டத்து ஏரிகளைப் பற்றிய ஆய்வு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வை போனதாம். அவள் கணவர் கட்டட வேலை செய்பவர்.

“இங்க படிச்சுக் காட்டறதுக்கு யாராச்சும் இருக்காங்களாங்க மேடம்?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இதுவரை எப்படிப் படித்தாய் என்று கேட்டதற்கு, முகத்தைக் கணவர் பக்கம் லேசாகத் திருப்பினாள்.

“இவருதாங்க. வேல முடிஞ்சு வந்து தமிழ் படிச்சுக் காட்டுவாரு. இங்கிலீஷ்னா ஒவ்வொரு எழுத்தா சொல்வாரு. நான் சேத்து வார்த்தையாக்கிக்குவேன்.”

“நான் எட்டாவதுங்க” என்றார் அவர், ஏதோ தவறு செய்தவர் போல. அவர் விரல் இடுக்குகளில் சிமென்ட் காய்ந்திருந்தது.

முதுகலை முழுவதையும் இவர்கள் இப்படித்தான் கடந்திருக்கிறார்கள் என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. பின்னறையைக் காட்டினேன். காட்டினேன் என்றால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஸ்கேனரையும் விசைப்பலகையையும் தொட வைத்தேன். எழுத்தைப் படத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டால், கணினியே வாசித்துக் காட்டும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினாள்.

ஏரிகள் பற்றிய பழைய அறிக்கைகளும் அச்சில் இல்லாத புத்தகங்களும் எங்களிடம் கிடையாது. நூலகர் சார் தன் பழைய நண்பர்களிடம் பேசி, வேறு நூலகங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடனாக வரவழைத்தார். அவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரு காரியத்துக்குத்தான். படம் பிடிக்கும் கோப்புகளை எங்கள் நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும், வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவை வந்தன. ஒவ்வொரு பக்கமாகப் பிடித்தோம். பழைய அச்சு, கரையான் தின்ற ஓரம். மென்பொருள் தப்புத் தப்பாகப் படித்தது. மதகு ‘மதரு’ ஆயிற்று. ஏரி எல்லாம் ‘எரி’ ஆயிற்று. நான் திருத்தத் திருத்த அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள்.

முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கணினிக் குரல் வாசித்தபோது அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், “இன்னொரு தடவ போடுங்க” என்றாள். திரும்பவும் போட்டேன். அப்புறம் எந்த விசையை அழுத்தினால் முந்தைய வரிக்குப் போகலாம் என்று கேட்டாள். பின்னால் போய்க் கேட்டாள், முன்னால் வந்து கேட்டாள்.

“இவருகிட்ட இந்த வரிய மறுக்கா படிங்கன்னு கேக்க மனசு வராதுங்க. பாவம், தூக்கத்துல சொக்குவாரு. இதுகிட்ட எத்தன தடவ வேணா கேக்கலாம்” என்றாள்.

அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. யார் மூத்தவள் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவும் இல்லை.

அவள் போனில் இடம் பற்றாது, பழசு. வீட்டில் கணினி இல்லை. அதனால் குறிப்புகளையும் எங்கள் கணினியிலேயே தட்டி, சர்வரில் அவளுக்கென்று நான் போட்டுக் கொடுத்த இடத்தில் வைத்தாள். வேகமாகத் தட்டுவாள். மழைக்காலம் முழுக்க அந்த மூலை நாற்காலி அவளுடையதாக இருந்தது. மற்ற மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள். பழைய ஆய்வேடுகளைத் தேடி எடுத்தார்கள். வீட்டிலிருந்தபடியே பட்டியலைப் பார்க்க முடிகிறது என்று மொரப்பூரிலிருந்து வரும் ஒரு பையன் ஆச்சரியமாகச் சொன்னான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து வீடு திரும்பிய நாட்கள் அவை.

சேமிப்பு வட்டு இன்னொன்று வேண்டும், சர்வருக்கு ஏதாவது ஆனால் எல்லாம் போய்விடும் என்று பதிவாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். “மொதல்ல கமிட்டி வந்துட்டுப் போகட்டும்” என்றார். அதுவரை இருக்கட்டும் என்று முக்கியமானவற்றை என் சொந்த லேப்டாப்பில் நகல் எடுத்து நூலகத்திலேயே பூட்டி வைத்திருந்தேன்.

குழு வந்தது. அன்றைக்கு அவளைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்கள். புதுப் புடவை கட்டி வரச் சொன்னதாகவும் சொன்னாள். குழுவில் இருந்த ஒரு பேராசிரியை அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏரிகளைப் பற்றி உண்மையான அக்கறையோடு கேள்வி கேட்டார். இவளும் தயங்காமல் பதில் சொன்னாள். எந்த ஏரி நிரம்பினால் அடுத்து எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும் என்று காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பதிவாளர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தார்கள். நல்ல தரம் கிடைத்தது. அடுத்த வருஷச் சேர்க்கைக்கான விளம்பரத் தட்டியில் அவள் ஹெட்போனோடு இருக்கும் படம் தொப்பூர்ச் சாலையில் நின்றது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கணவர்தான் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

“நல்லா இருக்கறனாங்கக்கா படத்துல?” என்று கேட்டாள்.

நல்லா இருக்கிறாய் என்றேன். அது பொய்யில்லை.

குழு போன பிறகு, ஸ்கேனரை எடுத்துப் போக ஒரு வண்டி வந்தது. அது வாடகைக்கு எடுத்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்புறம் ஒரு சுற்றறிக்கை. சொந்தக் கருவிகளில் பல்கலைக்கழகத்தின் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. கணினிப் பிரிவிலிருந்து வந்த தம்பி என் லேப்டாப்பிலிருந்த நகலை என் எதிரிலேயே அழித்தார். “எனக்கு ஆர்டருங்க மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நகல் வேறு எங்கும் இல்லை என்று நூலகர் சாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவாளரிடம் சொன்னேன். சேமிப்பு வட்டைப் பற்றி மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

வெயில் ஆரம்பித்ததும் ஏ.சி.யைக் கழற்ற ஆள் வந்தார்கள். சேர்க்கை அலுவலகத்துக்குப் பெற்றோர் வருவார்கள், அங்கே வேண்டுமாம்.

“சார், சர்வர் சூட்டுல போயிருங்க” என்றேன்.

“ஃபேன் போட்டு வைங்கம்மா. நம்ம வூட்ல எல்லாம் ஏ.சி.யிலயா இருக்கறோம்” என்றார் பதிவாளர். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். நூலகர் சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேசை விசிறியைச் சர்வருக்கு எதிரே வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அடுப்பு. மின்சாரம் அடிக்கடி போய்ப் போய் வந்தது. சர்வருக்கு இருந்த யு.பி.எஸ். பேட்டரிகளைத் தேர்வுப் பிரிவுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மதிய நேரங்களில் நானே சர்வரை நிறுத்தி வைக்க ஆரம்பித்தேன். அவள் அதற்கேற்ப காலையிலேயே வந்து போனாள். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நான் போய்ப் பொத்தானை அழுத்தியபோது அது எழவில்லை. நான் அணைத்துவிட்டுப் போன மெயின் ஸ்விட்சை யாரோ போட்டுவிட, மூடிய அறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சர்வர் ஓடியிருக்கிறது. சேலத்திலிருந்து பழுது பார்க்க வந்தவர் திறந்து பார்த்து, போர்டும் போச்சு, வட்டுகளும் போச்சு என்றார். பெங்களூரில் இதை மீட்டெடுக்கும் கம்பெனி இருக்கிறது, அனுப்பிப் பாருங்கள் என்றார். நூலகர் சார் முதல் தடவையாகத் தானே பதிவாளர் அறைக்குப் போய் வாக்குவாதம் செய்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“அதான் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருச்சேங்கிறாரும்மா” என்றார். அந்த வருஷமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அவளிடம் நான்தான் சொன்னேன். பின்னறையில் அவளுடைய நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னேன்.

“நான் தட்டுனதெல்லாமுங்களா?”

“எல்லாம்தான்மா.”

“புக்கு திரும்ப வாங்க முடியாதுங்களா?”

எல்லாம் திருப்பி அனுப்பியாகிவிட்டது. சாருடைய நண்பர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்டார்கள். இருந்தாலும் முயன்றேன். ஒரு நூலகம் மட்டும் ஒரு புத்தகத்தைத் தந்தது. என் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்து திருத்தி, அவளுக்கு அனுப்பிப் பார்த்தேன். அவள் போன் பாதியிலேயே நின்று போகும். மதிய இடைவேளையில் நானே வாசித்துக் காட்டினேன். அதற்குள் என்னைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல குளிர்ச்சியாக இருந்தது.

அவள் எழுதி முடித்திருந்த இயல்கள் நெறியாளரிடம் இருந்தன. அவை தப்பித்தன. ஆனால் நெறியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் மூலத்தைச் சரிபார்த்துப் பக்க எண் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. எதை வைத்துச் சரிபார்ப்பது? கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள். ஒரு தடவை கிடைத்தது, அடுத்த தடவை கிடைக்கவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். மாதாவிடம் வேண்டிக்கொள் என்றாள். வேண்டிக்கொண்டேன். யாருக்காக, எதை என்று எனக்கே தெளிவாக இல்லை.

போன மாதம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்தில் அவளையும் அவள் கணவரையும் பார்த்தேன். நான் கூப்பிட்டதும் என் குரலைக் கண்டுகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்களாம். சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பில் அடி. இப்போது அவர்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“படிப்பு?” என்று கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன்.

“உட்டுட்டனுங்கக்கா. இப்ப ஏரியப் பத்தி நெனைக்கறதே இல்ல. ஆரம்பத்துல ராத்திரியில அந்தக் கம்ப்யூட்டர் குரலு காதுல கேக்கும். இப்ப அதுவும் இல்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் மறுபடி படிச்சுக் காட்டறேன்னுதாங்க சொன்னேன். வேணாம்னுட்டா” என்றார்.

“அதக் கேட்டுப் பழகிட்டு, திரும்ப எழுத்தெழுத்தா கேக்க முடியலைங்கக்கா” என்றாள் அவள். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. இப்படி ஒன்று உண்டென்றே தெரியாமல் இருந்தவளுக்கு அதைக் கொடுத்து, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டது எங்கள் நூலகம். அந்தப் பின்னறை இல்லாமலே இருந்திருந்தால், எழுத்துக் கூட்டிக் கூட்டியாவது அவள் எழுதி முடித்திருப்பாளோ என்று அதற்கு முன்பு நான் யோசித்ததில்லை. இப்போது தினமும் யோசிக்கிறேன்.

“நீங்க இன்னும் அங்கதான் இருக்கறீங்களா?” என்று கேட்டாள்.

“அங்கதான்.”

“வேற பாக்கலியா?”

“பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒண்ணும் அமையல.”

“ம்” என்றாள்.

அவர்கள் ஊர் டவுன் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவர் முதலில் ஏற முயன்று வலியில் நின்றார். அவள் பின்னாலிருந்து அவரைத் தாங்கி ஏற்றிவிட்டு, தானும் கம்பியைத் தடவிப் பிடித்து ஏறினாள். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவள் நின்றுகொண்டே போனாள்.