பாரிவாக்கத்துக் கிணறும் எஸ்தர் மேடமும்

டில்லி போன் செய்தபோது அம்பத்தூரில் ஒரு குழிக்குள் சிமெண்ட் பால் போய்க்கொண்டிருந்தது. "மேஸ்திரி, எஸ்தர் மேடம் பூட்டாங்க. காலைல எய்ப்பிகினே இருந்தாங்களாம், எய்ந்துக்கவே இல்ல" என்றான். அவருடைய மண் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை செய்பவன் டில்லி. நான் பம்பை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் பால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். குழி முடியும்வரை நின்று, குழாயைக் கழுவி வைத்துவிட்டு ஆவடிக்குப் போனேன். மேடம் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார் என்று துக்க வீட்டில் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. குழாய் வீணாகிவிடும் என்பதால் செய்தேன்.

தொழிலில் இருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய உறவினர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராம் வரை ஒரே மனைக்குள் மூன்று நான்கு வகை மண் இருக்கும். இங்கே வயல் களி, பத்தடி தள்ளினால் மணல், அதற்கும் அப்பால் ரப்பிஷ் என்கிற கட்டட இடிபாடு கொட்டி மூடிய குட்டை. அப்படியே கட்டினால் ஒரு பக்கம் இறங்கும். குழி போட்டு, சிமெண்ட் கரைத்த பாலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி மண்ணைக் கெட்டியாக்குவதுதான் கிரவுட்டிங். எங்கே குழி, எவ்வளவு ஆழம், எவ்வளவு பால், எந்த அழுத்தம் என்று வகுப்பவர் எஸ்தர் மேடம். செலுத்துகிறவன் நான்.

நான் எட்டாவதோடு நின்றவன். பாடியில் பம்ப் ரிப்பேர் செய்யப் போய், பம்ப் மண்ணை என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கி இந்தத் தொழிலுக்கு வந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்த் தங்கள் பேரில் எழுதிக்கொண்ட இன்ஜினீயர்கள் பலர். அவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். அவர்களைப் பற்றி நான் எழுதவில்லை.

பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மனையின் கிழக்குப் பாதி மூடிய குட்டை. அந்தப் பக்கம் ஒரு குழிக்கு இவ்வளவுதான் பால், அழுத்தம் ஏறாவிட்டாலும் நிறுத்த வேண்டும், போன பால் இறுகிய பிறகு மறுநாள் அதே குழிக்கு வர வேண்டும் என்று மேடம் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அழுத்த மீட்டரின் முள் ஏறும்வரை மண்ணைக் குடிக்க விடுவது என் வழக்கம். பசியோடு சாப்பிடுகிறவன் இலையைப் பாதியில் எடுப்பீர்களா என்று போனில் கேட்டேன். "சாப்பிடறது யாருன்னே தெரியலன்னா எடுப்பேன் மேஸ்திரி" என்றார்.

நான் எடுக்கவில்லை. ஒன்பதாம் குழி குடித்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதைப் போல ஐந்து மடங்கு போன பிறகு முள் ஏறியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் எந்தக் குழிக்கு எவ்வளவு போனது என்று குறிக்கும் நோட்டில் அவர் சொன்ன அளவையே எழுதிவைத்தேன். அவரோடு இன்னொரு சண்டை வேண்டாம் என்றுதான்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வேலியோரம் வந்து நின்றார். அந்த ஊரில் வெகுகாலம் நெல் விளைத்த குடும்பம். இப்போது மகன் வேன் ஓட்டுகிறார். "இன்னா மேஸ்திரி, எங்க ஊட்டு கெணத்துல பால் கீது. மாடே இல்லாத ஊட்ல யாரு கறந்து ஊத்தனது?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. போய்ப் பார்த்தேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றது. ரப்பிஷின் சந்துகள் வழியாகப் பால் வேலியைத் தாண்டி ஓடி, கிணற்று ஊற்றை அடைத்த பிறகுதான் முள் ஏறியிருக்கிறது. அந்த வீட்டில் குடிக்க, குளிக்க இருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

மேடம் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். ஓரமாகக் கிடந்த காலி சிமெண்ட் பைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"டிசைன் போடறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல கிணறு இருக்கான்னு நான் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு. நோட்டுல பொய் எழுதினது உங்க தப்பு. ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதப் போறேன்."

"உங்குளுத மட்டும் எழுதுனா பத்தாதா?"

"பத்தாது மேஸ்திரி. ஒன்பதாம் குழியில என்ன நடந்துச்சுன்னு அப்புறம் யாருக்கும் புரியாது."

எழுதினார். பம்ப் இயக்கிய கோ. ஏழுமலை உண்மையான அளவைக் குறிக்கவில்லை என்று என் முழுப் பெயரோடு ஒரு வரி. கட்டடக்காரர் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். கன்னியம்மாள் வீட்டின் மறுகோடியில் மேடமே நின்று வேறு போர்வெல் போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினார். அறிக்கை கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. புத்தகம் படித்த ஒரு அம்மா என் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். அது அவர் காதுக்குப் போனதும் எனக்குத் தெரியும்.

பிறகு அவரே போன் செய்தார். நெமிலிச்சேரியில் ஒரு கல்யாண மண்டபம், வருகிறீர்களா என்று கேட்டார். பொய்யன் என்று நீங்களே எழுதிய ஆளை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்றேன். "மத்தவங்க நோட்டெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. எல்லாக் குழியும் ஒரே அளவு குடிச்சிருக்கு. நீங்களாவது ஒரு தடவை மாட்டியிருக்கீங்க" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

அங்கே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொடுத்தார். அளவுக்குப் பக்கத்தில், கைக்கும் காதுக்கும் என்ன தெரிந்ததோ அதை எழுத வேண்டும். வடக்குப் பக்கம் களிமண். முள் ஏறும், சட்டென்று விழும், அந்த நொடி குழாய் கையை உதைக்கும். அது என்னவென்று எனக்குத் தெரியும். களி பாலைக் குடிக்கவில்லை. கிழிந்து வழிவிடுகிறது. ஆனால் போன பாலின் அளவு டிசைனில் சொன்னபடிதான் இருந்தது. எண்களை மட்டும் எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. உதைத்ததை எழுதினால் வடக்கு வேலையை நிறுத்திவிடுவார். என் வேலையில் பாதி அது. ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு வந்தவன் நான். அன்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் எழுதினேன்: ஆறு குழியிலும் முள் ஏறி விழுந்தது, குழாய் உதைத்தது, மண் குடிக்கவில்லை, கிழிகிறது.

மேடம் படித்துவிட்டு அந்த இடத்தைத் தோண்டச் சொன்னார். களிக்குள் சிமெண்ட் அப்பளம் அப்பளமாக நின்றது. இடையில் இருந்த மண் முன்பு போலவே விரலுக்கு அமுங்கியது. வடக்கே கிரவுட்டிங் வேண்டாம், ஆழத்துக்குக் கான்கிரீட் தூண் இறக்கி பைல் போடலாம் என்று அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. "மண்ணு நம்ம டிராயிங்கப் படிச்சிட்டு வரல மேஸ்திரி, நாமதான் அதப் படிக்கணும்" என்று மட்டும் சொன்னார். பாதி வேலை போயிற்று. இங்கிலீஷ் அறிக்கை வந்தபோது டில்லி படித்துக்காட்டினான். கோ. ஏழுமலை கவனித்துச் சொன்னதன் பேரில் வடக்குப் பகுதியின் வடிவமைப்பு மாற்றப்பட்டது என்று இருந்தது.

அதற்குப் பிறகும் பல இடங்களில் சேர்ந்து வேலை செய்தோம். எல்லா இடத்திலும் சண்டை போட்டோம். பாரிவாக்கத்து வரியை எடுத்துவிடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "அத எடுத்தா நெமிலிச்சேரி வரியையும் எவனும் நம்ப மாட்டான்" என்பார். கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டேன். அன்றும் மறுத்தார்.

நான் உழைத்த காலம் முழுவதிலும் என் பெயர் அச்சில் வந்த தாள்கள் இரண்டே இரண்டு. இரண்டும் அவர் எழுதியவை. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பவை அவைதான். இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். முதல் தாளில் என்னைப் பற்றி எழுதியது நியாயமில்லை என்று இன்றும் சொல்வேன். பொய் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.